முதுகுப் பையில் பன்னிரண்டு கிலோ

நம் சங்கத்தைச் சேர்ந்த ஐந்தாறு குடும்பத்துப் பிள்ளைகள் இந்தத் தசரா விடுமுறையில் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு நடைப்பயணம் போகிறார்கள். கூடவே இரண்டு தகப்பனார்களும் ஒரு தாயாரும் போவதாக உத்தேசம். "அங்கிள், என்னென்ன எடுத்துக்கணும்? ஒரு லிஸ்ட் குடுங்க" என்று ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்து கேட்டுவிட்டார்கள். லிஸ்ட் கொடுப்பது சுலபம். சாமான் விற்கும் கடைக்காரரே அச்சடித்துக் கொடுப்பார். அதில் உள்ளது அத்தனையையும் வாங்கி முதுகில் ஏற்றினால் பிள்ளைகள் முதல் நாள் மத்தியானமே உட்கார்ந்துவிடுவார்கள். எது எதற்காக, எது பையில் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எதை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பதைச் சொன்னால்தான் உபயோகப்படும் என்று தோன்றியதால் ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வாகன் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, சீனியர் செக்‌ஷன் என்ஜினீயராக ஓய்வு பெற்றவன் நான். வடக்கே மாற்றலாகி வந்த புதிதில் யூத் ஹாஸ்டல்ஸ் சங்கத்தின் முகாம் ஒன்றுக்குப் போகப் போய், அப்போது பிடித்த மலைப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. ஹர் கி தூனுக்கு மட்டும் மூன்று தடவை போயிருக்கிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். உத்தரகாண்டில் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. டேராடூன் வரை ரயில். அங்கிருந்து புரோலா, மோரி வழியாகச் சுமார் 200 கி.மீ.; மலைப்பாதை என்பதால் ஒரு பகல் முழுவதும் ஆகிவிடும். போய்ச் சேரும் சாங்க்ரி கிராமம் சுமார் 1,950 மீட்டர் உயரம், அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு. அங்கிருந்து தாலுக்கா வரை ஜீப், பிறகு நடை. இரண்டு நாள் நடந்து சேருகிற பள்ளத்தாக்கு சுமார் 3,500 மீட்டர். எதிரே 6,252 மீட்டர் உயரத்தில் ஸ்வர்க்காரோஹிணி சிகரம். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடந்து போன வழி அது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தர்மபுத்திரர் கையில் ஒரு பையும் இல்லாமல்தான் போனார். அவருக்குத் திரும்பி வரும் உத்தேசம் இல்லை. நம் பிள்ளைகளுக்கு உண்டு.

முதலில் எடை. ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பு டிக்கெட்டுக்கு 40 கிலோ சாமான் இலவசம். முதுகு அவ்வளவு தாராளம் கிடையாது. நடந்து பழகாதவர் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்பது என் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நாலு கிலோவே போதும்.

12 கிலோ நிறைய என்று நினைப்பீர்கள். கூட்டிப் பாருங்கள். காலிப் பையே 2 கிலோ. தூங்கும் பை, அதுதான் ஸ்லீப்பிங் பேக், 1.6. கீழே விரிக்கும் நுரைப் பாய் 0.4. இரண்டு பேருக்கான கூடாரம் 3 கிலோ, பங்குக்கு 1.5. உடுத்தியது போக மாற்று உடைகளும் மழைச் சட்டையும் 2.2. தண்ணீர் ஒன்றரை லிட்டர், 1.5. சாப்பாடு நாளுக்கு 600 கிராம் என்று நாலு நாளைக்கு 2.4. அடுப்பு, பாத்திரத்தில் பங்கு 0.8. மருந்து, டார்ச், சில்லறைச் சாமான் 0.6. மொத்தம் 13 கிலோ. காமிராவும் பவர் பேங்கும் சோப்பு டப்பாவும் இன்னும் கணக்கில் வரவே இல்லை. அதற்குள் ஒரு கிலோ ஓவர்லோடு.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். "இது ரொம்ப லேசு மாமா" என்று பிள்ளைகள் சொல்வதை நம்ப வேண்டாம். 200 கிராம் சாமான் ஐந்து சேர்ந்தால் ஒரு கிலோ. ஏற்றத்தில் அந்த ஒரு கிலோ நன்றாகவே தெரியும். ஜீன்ஸ் ஒன்று முக்கால் கிலோ இருக்கும். குளியல் டவல் அரைக் கிலோ; நம் ஊர் ஈரிழைத் துண்டு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது, அரை மணி வெயிலில் காய்ந்தும் விடும். துண்டு விஷயத்தில் நம் தாத்தாக்கள் சொன்னதற்கு மேல் புதிதாக யாரும் எதுவும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

எடை குறைந்தால் மட்டும் போதாது, அது எங்கே உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வாகனில் சரக்கை ஒரு பக்கமாக ஏற்றினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கி வண்டி சாய்ந்தே ஓடும்; வளைவில் ஆபத்து. முதுகுப் பைக்கும் அதே சமாச்சாரம்தான். கனமான பொருள் முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அது உங்களைப் பின்னால் இழுக்கும். அதைச் சமாளிக்க நீங்கள் முன்னால் குனிவீர்கள். நாள் முழுக்கக் குனிந்து நடந்தவருக்கு இரவில் இடுப்பு என்ன பாடு படுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே பையின் அடியில் தூங்கும் பை. அதன் மேலே, முதுகை ஒட்டினாற்போல் அரிசி, அடுப்பு, குக்கர் போன்ற கனங்கள். வெளிப்பக்கம் துணிகள். உச்சியில் மழைச் சட்டை, ஏனென்றால் மழை வரும்போது பையை நடுவழியில் கவிழ்த்துக் கொட்டித் தேட முடியாது. இடமும் வலமும் சம எடை இருக்கட்டும். பையைத் தூக்கிக்கொண்டதும் இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள், தோள் பட்டையை அப்புறம். சுமையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். தோள், பை சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்.

சாங்க்ரியில் கச்சர், அதாவது கோவேறு கழுதை, வாடகைக்குக் கிடைக்கிறதே, அதன் மேல் ஏற்றிவிடலாமே என்பார்கள். தாராளமாக ஏற்றலாம்; அந்த ஊர்க்காரர்களுக்கு அது பிழைப்பும்கூட. கூடாரம், பாத்திரம், மளிகை எல்லாம் போகட்டும். ஆனால் சில சாமான்கள் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் முதுகை விட்டு இறங்கக்கூடாது. மழைச் சட்டை, டார்ச், தண்ணீர், மருந்து, கைக்கு எட்டும் தின்பண்டம், இவற்றோடு தடித்த பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டிய ஒரு செட் உலர்ந்த உடை. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த உலர்ந்த செட்டை மறக்க வேண்டாம்.

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் கூடப் போன ஒரு குழுவில் நடந்தது இது. மத்தியானம் ஆரம்பித்த மழை விடவே இல்லை. வழியில் மண் சரிந்திருந்ததால் கச்சர்கள் பின்னால் தங்கிவிட்டன. முகாம் போடும் இடத்துக்கு நாங்கள் ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரமும் தூங்கும் பைகளும் வரக்காணோம். இருபது வயதுப் பையன் ஒருவன், நல்ல திடகாத்திரம், பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுத் தெப்பமாக நனைந்திருந்தான். முதலில் வெடவெட என்று நடுங்கினான். பிறகு நடுக்கம் நின்றது. "இப்ப பரவாயில்ல, குளிரல" என்று வேறு சொன்னான். ஷூ லேஸை அவிழ்க்க விரல் வரவில்லை, பேச்சுக் குழறியது. குளிரில் நனைந்தவனுக்கு நடுக்கம் நிற்பது குணமாவதன் அடையாளம் இல்லை, உடம்பு தோற்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நல்ல வேளையாகக் குழுவில் ஒரு பெண்மணி தம் உலர்ந்த செட்டை முதுகிலேயே வைத்திருந்தார். அந்தக் கம்பளிச் சட்டையும் சல்வாரும்தான் பையனுக்குப் போட்டோம். ஈரத்தைக் களைந்து, தலைக்குத் தொப்பி மாட்டி, பாறைக்கடியில் இருவர் அணைத்து உட்கார்ந்து, வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். அந்த நடுக்கத்தைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டது அவனுக்குப் புரியவில்லை. கச்சர்கள் எட்டரை மணிக்கு வந்தன. (இந்த மாதிரி சமயத்தில் கை காலைப் பரபரவென்று தேய்ப்பதும் பிராந்தி கொடுப்பதும் தவறு. இரண்டும் கெடுதல்தான்.)

அக்டோபர்தானே, அப்படியென்ன குளிர் என்று தில்லியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் இதே உத்தரகாசி மாவட்டத்தில் சஹஸ்ரதால் ஏரிக்குப் போன 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, 9 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் எதைச் செய்தார்கள், எதை விட்டார்கள் என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது எனக்கு அழகில்லை. ஆனால் அது ஜூன் மாதம் என்பதை நினைவில் வையுங்கள்.

கணக்கும் சுலபம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். டேராடூனுக்கும் ஹர் கி தூனுக்கும் உயர வித்தியாசம் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே 18 டிகிரி வித்தியாசம். டேராடூனில் இரவு 16, 17 டிகிரி என்றால் அங்கே பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும். இதற்கு மேல் ஈரம். நீர், காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். சென்னை வெயிலில் பருத்தி தெய்வம், மலையில் அதுவே சத்துரு. "ஜீன்ஸ் கெட்டியா இருக்கே மாமா, போதாதா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். கெட்டியாக இருப்பதால்தானம்மா வேண்டாம் என்கிறேன். நனைந்தால் இரண்டு நாள் காயாது.

உடையை ஒரே தடிமனாக வாங்காமல் மூன்று அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை ஒட்டி மெல்லிய பாலியெஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, நடுவில் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் சட்டை. ஏறும்போது கழற்றுங்கள், நின்றவுடன் போடுங்கள். வியர்வையில் நனைவதும் நனைவதுதான். குரங்குக் குல்லாய் என்று பிள்ளைகள் கேலி செய்யும் மங்கி கேப் அவசியம் வேண்டும். மார்கழி மாதம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு பஜனைக்கு வருகிற நம் பெரியவர்களை இனிமேல் யாரும் கிண்டல் செய்யக்கூடாது. காலுறை மூன்று ஜோடி: இரண்டு நடக்க, ஒன்று ராத்திரிக்கு மட்டும். ஷூ புதிதாக இருந்தால் இப்போதே போட்டுக்கொண்டு தினம் காய்கறிக் கடைக்குப் போய் வாருங்கள். மலையில் பழகிக்கொள்ளலாம் என்றால் கொப்புளம்தான் மிச்சம்.

தூங்கும் பை வாங்கும்போது அதில் இரண்டு மூன்று வெப்ப அளவுகள் போட்டிருக்கும். கம்ஃபர்ட் என்று எழுதியதை மட்டும் பாருங்கள். எக்ஸ்ட்ரீம் என்ற அளவு, உயிர் போகாது என்பதற்குத்தான், தூக்கம் வரும் என்பதற்கு இல்லை. கடைக்காரர் அந்த எண்ணைத்தான் காட்டுவார். நுரைப் பாய் எதற்கு, இன்னொரு கம்பளி போதாதா என்று கேட்பார்கள். உடம்புக்கு அடியில் இருக்கும் பஞ்சு உங்கள் எடையில் நசுங்கிவிடும். அதில் காற்று இல்லை, எனவே தடுப்பும் இல்லை. தரை இரவெல்லாம் உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். காற்றடைத்த நுரையை நசுக்க முடியாது. தில்லிக் குளிரில் கட்டிலை விட்டுத் தரையில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இன்னொன்று. குளிருகிறதே என்று கூடாரத்துக்குள் அடுப்பையோ கரித்தணலையோ கொண்டு போகவே கூடாது. மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் நம் ஊர்ப் பேப்பரில் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை நன்றாகத் திருகி, காலடியில் வைத்துப் படுங்கள். காலையில் அதே தண்ணீர் குடிக்கவும் ஆகும். டார்ச் பாட்டரியும் போனும் உங்களோடு தூங்கும் பைக்குள் இருக்கட்டும். குளிரில் பாட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

இனி சாப்பாடு. வீட்டுப் பெண்மணிகள் முதலில் கேட்டது இதைத்தான். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வைத்தால் காஸ் தீரும் வரை வைக்கலாம். சின்ன அலுமினியக் குக்கர் ஒன்று எடுத்துப்போனால் உள்ளே 114 டிகிரி வரை கிடைக்கும். அரிசி ஒழுங்காக வேகும். துவரம்பருப்பை நான் அப்போதும் சிபாரிசு செய்யமாட்டேன். பாசிப்பருப்பை வறுத்து எடுத்துப்போங்கள். அதைவிட உத்தமம் பருப்புப் பொடி.

நம் சமையலில் பிரயாணத்துக்கென்றே ஏற்பட்டவை எத்தனையோ இருக்கின்றன. பாக்கெட் நூடுல்ஸைத் தேடி ஓடுவானேன்? ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்து ஆறவைத்துப் பொட்டலம் கட்டிவிட்டால், கொதிநீரில் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிஷத்தில் உப்புமா. அவல் இருக்கிறது; அடுப்பே வேண்டாம், வெல்லமும் தண்ணீரும் போதும். சத்துமாவுக் கஞ்சி. நடக்கும்போது சட்டைப் பையில் கடலைமிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை. பொரிவிளங்காயைக் கடிப்பது கஷ்டம்தான். ஆனால் பையில் நசுங்காது, வாயில் போட்டால் அடுத்த வளைவு வரை வரும். புளிக்காய்ச்சல் கொண்டுபோனால் சாதத்தில் பிசைந்து ஒரு வேளை தீர்ந்தது. ஆனால் எண்ணெய் கசியும். திருகுமூடி டப்பாவில் போட்டு, இரண்டு பாலிதீன் உறையில் கட்டி, வெளிப் பாக்கெட்டில் வையுங்கள். தூங்கும் பையில் புளிக்காய்ச்சல் இறங்கினால் அந்த வாசனை ஆயுளுக்கும் போகாது. கண்ணாடி ஊறுகாய் பாட்டில், அப்பளம் இரண்டும் வேண்டாம். டிகாக்‌ஷன் காப்பி இல்லாமல் ஒரு மாமாவுக்குப் பொழுது விடியாது என்று கேள்வி. நாலு நாள் இன்ஸ்டன்ட் தூள் குடிப்பதில் தெய்வக் குற்றம் ஒன்றுமில்லை.

காஸ் பற்றி ரயில்வேக்காரனாக ஒரு எச்சரிக்கை. அடுப்புக்கான காஸ் கேனிஸ்டரையோ மண்ணெண்ணெயையோ ரயிலில் கொண்டு போகக்கூடாது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தை விடுங்கள், ஓடும் பெட்டியில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதைப் பெட்டிகளைப் பராமரித்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேனிஸ்டரை டேராடூனில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் வெறும் பியூட்டேன் வேண்டாம்; பூஜ்ய டிகிரியை நெருங்கும்போது அது ஆவியாக மறுக்கும், அடுப்பு விளக்குத் திரி மாதிரி எரியும். புரோப்பேன் கலந்ததாகக் கேளுங்கள். பட்டன் அமுக்கும் லைட்டர் உயரத்தில் மக்கர் செய்வதுண்டு. பழைய மாத்திரை டப்பாவில் தீப்பெட்டிக் குச்சிகளும், உரசும் பட்டையைக் கத்தரித்து ஒரு துண்டும் போட்டு வையுங்கள். தேசியப் பூங்கா ஆனதால் விறகு வெட்டி எரிப்பது கூடாது. உறை, காகிதம், காலி டப்பா எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரத் தனியாக ஒரு பை இருக்கட்டும்.

மருந்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கான மாத்திரைகள், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பிளாஸ்திரி, கிரேப் பாண்டேஜ் எல்லோரும் அறிந்தது. கூட வரும் தகப்பனார்களில் ஒருவருக்குச் சர்க்கரை உண்டு. இன்சுலின் உறைந்தால் பிறகு உருகினாலும் உபயோகமில்லை, எறிய வேண்டியதுதான். பகலில் சட்டைக்குள், இரவில் தூங்கும் பைக்குள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் அது உயரத்தின் கோளாறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏறக்கூடாது. குறையாவிட்டால் ராத்திரியானாலும் இறங்க வேண்டும். அதற்காகத்தான் ஆளுக்கு ஒரு டார்ச் என்கிறேன், கூடாரத்துக்கு ஒன்று இல்லை.

எல்லாம் கட்டி முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் அடுக்ககத்து மாடிப்படியை லிஃப்ட் இல்லாமல் நாலு தடவை ஏறி இறங்குங்கள். எங்கே உறுத்துகிறது, எது கடகடவென்று ஆடுகிறது என்று தெரிந்துவிடும். திரும்பி வந்து பையைப் பிரித்து மறுபடி நிறுங்கள். இரண்டாவது தடவை எப்படியும் ஒரு கிலோ குறையும்.

திரும்பும்போது மிச்சமிருக்கும் காஸை சாங்க்ரியிலேயே வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு உபயோகப்படும், உங்களுக்கு 164-வது பிரிவு மிச்சம். வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தையும் தூங்கும் பையையும் பால்கனியில் இரண்டு நாள் உலர்த்துங்கள். தூங்கும் பையை அதன் சின்ன உறையில் திணித்து வைத்தால் பஞ்சு செத்துவிடும். பழைய வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டி அலமாரிக்கு மேல் போட்டு வையுங்கள்.